லூப் லைன் பேண்டுல நாலாவது ஆளு

போட்டோவுல மூணு பேருதானுங்க இருக்கறாங்க. நல்லாப் பாத்துக்கங்க அம்மிணி. கிதாரைத் தூக்கிப் புடிச்சுட்டு, முடிய நெத்தி மேல உட்டுட்டு நிக்கறான் பாருங்க, அவன் டெரிக். பக்கத்துல, சட்டைப் பித்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுட்டு, பரிச்சைக்குப் போற பையனாட்ட நிக்கறவன் கிருபாகரன். பாட்டு எழுதறதும் அவன், பாடறதும் அவன், பேஸ் கிதாரும் அவன்தான். கீழ ட்ரம்மு மேல உக்காந்து பல்லைக் காட்டறவன் அமானுல்லா. மூணு பேரு. எல்லாருமே மூணு பேரு பேண்டும்பாங்க. ஏனுங்க, அந்தப் போட்டோவை எடுத்தது யாருங்க? நானுங்க. எடுக்கறவன் எப்படிங்க உள்ள போயி நிப்பான்? இத ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.

உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாமுங்க, அது ஆடும். இதுல உக்காருங்க. பூவாத்தா, அம்மிணிக்குக் காப்பி கொண்டா. எம் பொண்டாட்டிங்க. அவளுக்குக் காது நெம்ப கூர்மை. உள்ள இருந்துட்டே இங்க பேசறதுக்கெல்லாம் பதில் சொல்லுவா, நீங்க கண்டுக்காதீங்க.

ஒரு வருசங்கூடத் தாங்காத பேண்டுகளைப் பத்திப் பொஸ்தகம் எழுதறேன்னு போன்ல சொன்னீங்கள்ல, அன்னைக்கு முழுக்க எனக்குச் சிரிப்புங்க. அதுக்கெல்லாம் ஒரு பொஸ்தகமா! எங்களது எத்தனாவதுங்க அதுல? பதினொன்னா? செரி, இருக்கட்டும். எங்களை விடக் கம்மியா இருந்தவங்க உண்டுங்களா? நாலு மாசமா! அடப் பாவமே. நாங்க ஏழு மாசமுங்க. எழுவத்தேழு ஆகஸ்டுல ஆரம்பிச்சு எழுவத்தெட்டு மார்ச்சுல முடிஞ்சுது. நான் சொல்றேன்னு எழுதிக்கங்க, அந்த ஏழு மாசம் இந்தக் கோயமுத்தூர் ஜில்லாவுல அப்படி ஒரு சத்தம் அதுக்கு முன்னாலயும் கேட்டதில்ல, பின்னாலயும் கேட்டதில்ல.

சத்தம்னா என்ர சத்தமுங்க. அதான் விசயமே.

எனக்கு அப்ப இருவத்தாறு வயசு. நாச்சிமுத்து சவுண்ட் சர்வீஸ்னு போத்தனூர்ல கடை. ரேடியோ ரிப்பேரு, மைக்செட்டு வாடகை. ஊடு இதேதான், இந்தக் கருக்கம்பாளையம், போத்தனூர்ல இருந்து மூணு மைலு. ஆடி மாசம் வந்தா என்ர கடைல ஒரு பெட்டி மிஞ்சாதுங்க. எல்லாம் கோயிலுக்குப் போயிரும். அந்த நேரத்துல பாத்து இந்த டெரிக் வந்து நிக்கறான். ரயில்வே காலனிப் பையன், அவங்கப்பா ரயில்ல கார்டு. ஆங்கிலோ இண்டியன், ஆனா தமிழு நம்மளை விடச் சுத்தமாப் பேசுவான். ரயில்வே இன்ஸ்டிடியூட்ல டான்ஸாமா, கிதாருக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் பெட்டி வேணுமாமா. "ஆடி மாசத்துல வந்து கேக்கறயே, உனக்கு மூளை இருக்குதா?"ன்னேன். "அந்த மூலையில இருக்குதே"ன்னான்.

அது எலி கடிச்ச பெட்டிங்க. நானே வால்வு வெச்சுக் கட்டுன ஆம்ப்ளிஃபயரு, ஆம்ப்ளிஃபயரு நல்லாத்தான் இருந்துச்சு, உள்ள ஸ்பீக்கர் பேப்பரை எலி சுத்தியும் கடிச்சு வெச்சிருந்துச்சு. ஒட்டிக் குடுக்கறேன்னேன், நேரமில்லீன்னு அப்படியே தூக்கிட்டுப் போயிட்டான். சாயங்காலம் பொழுதோட என்னாச்சோ ஏதாச்சோன்னு சைக்கிளை எடுத்துட்டு நானே போனேன். கிதார்ல ஒரு இழுப்பு இழுத்தான் பாருங்க! மாவு மில்லுல கல்லு மாட்டுனாப்புல ஒரு சத்தம். டான்ஸ் ஆடிட்டு இருந்த தொரைமாருகெல்லாம் காதைப் பொத்திட்டு வெளிய போயிட்டாங்க. நான் செத்தேன்னு நெனச்சேன். ஓடிப் போயி, "தம்பி, நிறுத்து, ஒட்டித் தாறேன்"ங்கறேன், அவன் என்ர கையைப் புடிச்சுட்டான். "நாச்சி, இதத் தொட்டேன்னா உன்னையக் கொன்னு போடுவேன்"ங்கறான். கண்ணுல தண்ணி நிக்குதுங்க அவனுக்கு.

அன்னைக்குப் பொறந்ததுங்க அந்த பேண்டு. அந்தப் பெட்டி முன்னால பொறந்துச்சு. லூப் லைன்னு பேரு வெச்சவன் கிருபாகரன். பெரிய ரயிலு போறதுக்காகச் சின்ன ரயிலை ஓரமா ஒதுக்கி நிறுத்துவாங்க பாருங்க, அந்தத் தண்டவாளம்.

என்ர ஷெட்டுலதான் வாசிச்சுப் பழகுவோம், இந்தா, இந்தப் பின்பக்கம். நாலு பேரும். நான் வாசிக்க மாட்டேன். எனக்குத் தாளமெல்லாம் வராதுங்க, அமானுல்லா ரெண்டு நாள் சொல்லிக் குடுத்துப் பாத்துட்டு, "அண்ணே, நீங்க வயரையே பாத்துக்கங்க"ன்னுட்டான். பத்தொம்பது வயசுப் பையன், மரக்கடைக்காரரு மகன், சுட்டித்தனம். ஆனா எந்தப் பாட்டுக்கு எவ்வளவு சூடேறணும், எந்த எடத்துல அந்தக் கரகரப்பு வரணும், எங்க அடங்கணும், எல்லாம் என்ர கையிங்க. கிருபாகரன் ரயில்வே கேட்டை வெச்சு 'கேட்டு சாத்தியிருக்கு'ன்னு ஒரு பாட்டு எழுதுனான். வேற வரியே கெடையாது. கேட்டு சாத்தியிருக்கு, கேட்டு சாத்தியிருக்கு, அவ்வளவுதான். ஆறு நிமிசம். ஒவ்வொரு தடவை பாடறப்பவும் நான் வால்யூம் திருகை ஒரு மயிரிழை ஏத்துவேன். கடைசில அது பாட்டு இல்லீங்க, ரயிலு நம்ம மேல ஏறுனாப்புல இருக்கும். கேக்கறவன் சட்டையைக் கிழிச்சுக்குவான்.

மெய்யாத்தானுங்க. ஒரு இன்ஜினியரிங் காலேஜ் விழாவுல பசங்க சட்டையைக் கழட்டிச் சுத்துனாங்க. அன்னைக்குக் கரண்டு ஃபியூஸு போயிருச்சு, மொத்தக் காலேஜும் இருட்டு, அப்பவும் பசங்க இருட்டுல நின்னுட்டு கேட்டு சாத்தியிருக்குன்னு கத்தறானுங்க. நான் கம்பத்துல ஏறி ஒயர் போட்டுட்டு இருக்கறேன், கீழ ரெண்டாயிரம் பேரு பாடறாங்க. அப்ப எனக்கு என்ன தோணுச்சுன்னா... அத உடுங்க. சந்தோசமா இருந்துச்சுங்க, அவ்வளவுதான். என்ர வாழ்க்கைல அவ்வளவு சந்தோசமா நான் இருந்ததில்ல. கல்யாணத்தன்னைக்குக் கூட இல்லீங்க. கேக்குதா பூவாத்தா? கேக்கட்டும், அவளுக்குத் தெரியும்.

அந்த விழாவுக்கு ஜட்ஜா வந்தவரு பம்பாய்க்காரரு. ரெக்கார்டு கம்பெனில இருக்கறவரு. ஒரே மாசத்துல லெட்டர் வந்துருச்சு. பம்பாய்க்கு வாங்க, ரெண்டு பாட்டு பதிவு பண்ணலாம்னு. மார்ச்சுல தேதி.

அங்கதானுங்க ஆரம்பிச்சுது.

லெட்டர் வந்த அன்னைக்கு டெரிக் என்ன சொன்னான் தெரியுங்களா? இதே எடத்துல, தரையில மல்லாக்கப் படுத்துட்டுச் சொல்றான். "நாச்சி, அங்க ஸ்டூடியோவுல ஆளு ஒசரத்துக்கு ஆம்ப்ளிஃபயரெல்லாம் இருக்குமாடா, புதுசு புதுசா, வெளிநாட்டுது." அப்படீன்னு. எம் மூஞ்சிக்கு நேராவே. புதுசு இருந்தா எலி கடிச்சது எதுக்கு? எலி கடிச்சது வேண்டாம்னா நாச்சிமுத்து எதுக்கு?

அடுத்த வாரம் இந்தப் போட்டோ இங்கிலீசுப் பேப்பர்ல வந்துச்சு. மூணு பேரு போட்டோ, கீழ மூணு பேரு பேரு. பேப்பர்க்காரன் போட்டதுக்கு அவங்க என்ன பண்ணுவாங்கன்னு கேப்பீங்க. சொல்லியிருக்கலாம்லங்க? எங்களோட இன்னொருத்தன் இருக்கறான்னு ஒரு வார்த்தை? அமானுல்லா அந்தப் பேப்பரைத் தூக்கிட்டு ஓடி வந்து, "அண்ணே, நீங்க எடுத்த போட்டோ வந்துருச்சு!"ன்னு குதிக்கறான். போட்டோ எடுத்தவனா ஆயிட்டேனுங்க நான்.

அப்பத்தான் ஊர்ல நோம்பி சாட்டுனாங்க. மாரியம்மன் நோம்பி, திருவிழாவுங்க. நீங்க பெங்களூர்ல வளந்தவங்க, உங்களுக்குத் தெரியாது. நோம்பி சாட்டி, காப்புக் கட்டிட்டா, கட்டுனவன் ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாதுங்க. பகல்ல எங்க வேணா போலாம், பொழுது உழுகறதுக்குள்ள ஊருக்குள்ள காலு இருக்கணும். நோம்பி முடிஞ்சு காப்பு அவுக்கற வரைக்கும் அப்படித்தான். ஒம்பது நாளு. தாண்டினா சாமி குத்தம். பம்பாய் போகவே ரெண்டு ராத்திரி ரயில்ல.

எங்க குடும்பத்துல காப்புக் கட்டறது வழக்கமுங்க. அதனால அந்த வருசம் நான்...

என்ன பூவாத்தா? இல்ல, அவ உள்ள இருந்துட்டு, "அது உங்க அண்ணன் ஊட்டு உரிமை"ங்கறா. ஆமாங்க. மூத்த ஊடுதான் கட்டும். எங்க அண்ணன்தான் வருசா வருசம் கட்டுவாரு. அந்த ஒரு வருசம் மட்டும் நான் கட்டுனேன். அண்ணனுக்கு ஒடம்பு...

நல்லாத்தான் இருந்தாரா? செரி, நல்லாத்தான் இருந்தாரு. நீ காப்பியப் பாரு. நான் போயிக் கேட்டேனுங்க, அண்ணா இந்தத் தடவை நான் கட்டிக்கறேன்னு. அவரும் செரின்னுட்டாரு. இதுல என்னங்க இருக்குது? சாமி காரியத்துக்கு ஒருத்தன் வலிய வந்தா வேண்டாம்னு சொல்லுவாங்களா? தொழில் நல்லா நடக்கணும்னு ஒரு வேண்டுதல். அந்த நேரத்துல பம்பாய் தேதியும் இதுவும் ஒண்ணா வந்து உழுந்துருச்சு. நான் வேணும்னேவா காலண்டரைப் பாத்துக் கட்டுனேன்?

ஞாயித்துக்கெழமை பொழுதோட மூணு பேரும் வேனு புடிச்சுட்டு வந்தாங்க, பெட்டிய ஏத்திட்டு ஸ்டேசன் போறதுக்கு. நான் வாசல்ல நின்னுட்டு கையைக் காட்டுனேன். மஞ்சக் கயிறு, மஞ்சக் கெழங்கு கட்டி. டெரிக் மொதல்ல சிரிச்சான். "என்னடா நாச்சி, பொண்ணு பாத்துட்டாங்களா?"ன்னான். நான் விசயத்தைச் சொன்னேன். அவன் சிரிப்பு அப்படியே நின்னு போச்சு.

கிருபாகரன் வாத்தியார் ஊட்டுப் பையன், ரோசனை பண்ணித்தான் பேசுவான். "செரிங்ண்ணா, நீங்க வர முடியாது. பெட்டிய மட்டும் குடுங்க. பத்திரமாக் கொண்டாந்து தந்தர்றோம்"ன்னான்.

பெட்டி அம்மன் காரியத்துக்கு ஒதுக்கியாச்சுன்னு சொல்லிட்டேனுங்க.

அதுல என்ன பொய்யிங்க? மைக்செட்டு பூராவும் நோம்பிக்குத்தான். எல்லாம் ஒரே செட்டுதானுங்களே. அந்த எலி கடிச்ச பெட்டியக் கோயில்ல கட்ட முடியாதுதான், கட்டுனா அம்மன் பாட்டெல்லாம் சண்டைக்கு வந்தாப்புல கேக்கும். அது உள்ளதான் இருந்துச்சு, போர்வை போட்டு மூடி. ஆனா ஒதுக்குனா ஒதுக்குனதுதானுங்க. சாமிக்குன்னு சொன்னத எடுத்துக் குடுக்க முடியுங்களா?

அமானுல்லா என்ன பண்ணுனான் தெரியுங்களா. "அண்ணே, உங்க சாமிகிட்ட நான் வந்து கேக்கட்டுமா?"ன்னான். சொன்னதோட நிக்கல, ஒரே ஓட்டமா ஓடிட்டான் கோயிலுக்கு. செருப்பைக் கோயில் எல்லையிலயே உட்டுட்டு, வாசல்ல நின்னு பூசாரியைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கறான். பூசாரி தங்கமான மனுசன். அவரே கெளம்பி எங்க ஊட்டுக்கு வந்துட்டாரு. "நாச்சிமுத்து, அவசர சோலின்னா வழி இருக்குதப்பா. அம்மன்கிட்ட உத்தரவு கேட்டு உன்ர கையில இருந்து அவுத்து உங்கண்ணன் கையில கட்டிர்றேன். குத்தமில்ல. முந்தியே ஒருத்தருக்குப் பண்ணியிருக்கறேன்"ன்னாரு. அண்ணனும் பின்னாலயே வந்து நிக்கறாரு, துண்டை இடுப்புல கட்டிட்டு, கையை நீட்டிட்டு.

எல்லாரும் என்னையவே பாக்கறாங்க. நான் முடியாதுன்னுட்டேன். சாமி குத்தம்னு சொன்னேன். பூசாரிக்கே சொன்னேனுங்க, சாமி குத்தம்னு! அவரு என்னைய ஒரு மாதிரி பாத்துட்டுப் போயிட்டாரு.

அவங்க போனாங்க. வேன்ல பெட்டி வெக்கற எடம் காலியாவே போச்சு.

பம்பாய்ல நடந்தத அமானுல்லா வந்து சொல்லித்தான் தெரியும். ஸ்டூடியோவுல இருந்த புது ஆம்ப்ளிஃபயர்ல வாசிச்சாங்களாம். பளிங்காட்ட சத்தமாம். அந்தப் பம்பாய்க்காரரு ரெண்டு பாட்டையும் கேட்டுட்டு, "காலேஜ்ல கேட்டது இது இல்லியே"ன்னாராம். "இந்த மாதிரி வாசிக்கறவங்க இந்த ஊர்லயே நூறு பேரு இருக்கறாங்க"ன்னாராம். பாத்துக்கங்க! நான் சொன்னேன்லங்க? சத்தம்னா என்ர சத்தம்னு? அமானுல்லா அழுதுட்டே சொல்றான், எனக்கு உள்ளுக்குள்ள... சொன்னா தப்பா நெனப்பீங்க. எனக்கு அப்ப சந்தோசமா இருந்துச்சுங்க. ஒரு நிமிசம். நானில்லாம நடக்கலீல்ல, அப்படீன்னு. அப்புறமேட்டுக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல.

அதோட முடிஞ்சுதுங்க. ரயில்லயே சண்டையாம், யாரால கெட்டுச்சுன்னு. மூணு பேரும் மூணு பெட்டில வந்து எறங்குனாங்களாம். கிருபாகரன் பேங்க் வேலைக்குப் போயிட்டான், அப்புறம் ஒரு வரி எழுதலீங்க. பத்து வருசத்துக்கு முன்னால எறந்துட்டான். அமானுல்லா கொஞ்ச நாளு கல்யாணக் கச்சேரிகள்ல வாசிச்சுட்டு பெங்களூர் போயி மரக்கடை வெச்சான். டெரிக் ஊட்டுல ஆஸ்திரேலியாவுக்குக் குடி போனாங்க, அதே வருசம். போறதுக்கு முன்னால கடைக்கு வந்தான். நான் ஒரு ரேடியோவுக்கு ஈயம் பத்த வெச்சுட்டு இருந்தேன், தலைய நிமித்தல. வந்து நின்னுட்டு, "நோம்பியெல்லாம் நல்லா நடந்துச்சாடா நாச்சி?"ன்னான். கிண்டலைப் பாத்தீங்களா? பேண்டே போச்சு, ஊரை உட்டுப் போறான், அப்பவும் குத்திக் காட்டறான் பாருங்க. நான் பத்த வெக்கறதுலயே இருந்தேன். கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிட்டான். அதான் நான் அவனைக் கடைசியாப் பாத்தது.

இந்தாங்க, காப்பி. ஏன் பூவாத்தா, சக்கரை போட்டயா?

என்னங்க அம்மிணி, என்ர கையவே பாக்கறீங்க? ஆமாங்க, காப்புத்தான். இதுவும் நோம்பி காலந்தானுங்களே. அதான் சொல்லலாம்னு இருந்தேன். நீங்க போன்ல சொன்னீங்கள்ல, டெரிக் வந்திருக்கறான், சனிக்கெழமை பெங்களூர்ல அவனும் அமானுல்லாவும் ஒரே ஒரு தடவை வாசிக்கப் போறாங்க, நானும் பெட்டியோட வரணும்னு. எனக்கு வரணும்னு ஆசைதானுங்க. என்ன பண்றது, நோம்பி வந்துருச்சு. பெங்களூர் போனா ராத்தங்காம வர முடியுங்களா? அடுத்த வியாழக்கெழமைதான் அவுப்பாங்க. அவனை அது வரைக்கும் இருக்கச் சொல்லுங்களேன். திங்கக்கெழமை ஏரோப்ளேனா? மாத்த முடியாதுங்களா?

எப்பக் கட்டுனதுன்னு எதுக்குங்க கேக்கறீங்க? நேத்துத்தான். செவ்வாக்கெழமை.

ஆமாங்க, நீங்க போன் பண்ணுனது வெள்ளிக்கெழமை.

பூவாத்தா, நீ எதுக்கு இப்ப வெளிய வர்றே? நான்தான் சொல்லிட்டு இருக்கறேன்ல. அவ சொல்றதக் கேக்காதீங்க. எழுவத்தெட்டுக்கு அப்புறம் நாப்பத்தேழு வருசமா நான் காப்பே கட்டுனதில்லையாமா, நேத்துத்தான் போயி அண்ணன் மகனைக் கேட்டு வாங்கிக் கட்டுனனாமா. இப்ப இருக்கற பூசாரி, அந்தப் பூசாரி மகன்தான், "பெரீப்பா, உங்களுக்கு எழுவத்தி மூணு வயசாச்சு, எதுக்கு?"ன்னு கேட்டானாமா. எல்லாத்தையும் சொல்லு. இன்னும் என்ன இருக்குது, அதையும் சொல்லு.

செரி, கட்டுனேன். தப்புங்களா? நான் பயந்துட்டேனுங்க அம்மிணி. மெய்யாச் சொல்றேன். நீங்க போனை வெச்சதுக்கப்புறம் கையும் ஓடல, காலும் ஓடல. அவன் எதுக்கு என்னையக் கூப்புடறான்? மேடையில நிக்க வெச்சு, இவனாலதான் எல்லாம் போச்சுன்னு சொல்றதுக்கா? அன்னைக்கு மூணு பேருன்னு சொன்னவங்கதானுங்க. அன்னைக்கு என்னைய வேண்டாம்னவங்கதானுங்க. நான் போகாட்டி அவங்களுக்கு நல்லதுதானேன்னு நெனச்சேன், அப்பவும்.

என்னது, போன்ல? எழுத்து தெரிய மாட்டேங்குதுங்க, கண்ணாடி உள்ள இருக்குது. இங்கிலீசு வேற. நீங்களே தமிழ்ல சொல்லுங்க. யாரு எழுதுன லெட்டரு? டெரிக்கா? பம்பாய் கம்பெனிக்கு? எப்ப? எழுவத்தெட்டுலயேவா, கம்பெனி பழைய பைல்ல கெடைச்சுதா?

மறுக்காப் படிங்க.

நாங்க நாலு பேரு வர்றோம். மூணு பேரு வாசிப்போம். நாலாவது ஆளு வாசிக்க மாட்டாரு, ஆனா அவரும் அவரு பெட்டியும் இல்லாம எங்ககிட்டச் சத்தம் இல்ல. ரெக்கார்டுல நாலு பேரு பேரும் போடணும். ம். படிங்க, இன்னும் ஏதோ இருக்குதுன்னீங்களே. பதிவு பண்ற நாளு செவ்வாக்கெழமை வருது. எங்க நாலாவது ஆளு செவ்வாக்கெழமையில கறி, முட்டை தொட மாட்டாரு. அவருக்குத் தனியாச் சாப்பாடு சொல்லி வெக்கணும்.

பூவாத்தா, கேட்டயா? செவ்வாக்கெழமை. அத எழுதியிருக்கறானே. இருவத்திரண்டு வயசுப் பையனுங்க அவன். அந்தக் கம்பெனிக்காரங்களுக்கு எழுதறப்ப, எவ்வளவு பெரிய விசயம், அதுக்கு நடுவுல நான் செவ்வாக்கெழமை கறி திங்க மாட்டேன்னு ஒருத்தன் உக்காந்து எழுதுவானுங்களா?

ஏன் அவன் எங்கிட்டச் சொல்லல? சொல்லறதுக்கு என்ன இருக்குதுன்னு நெனச்சிருப்பான். நாலு பேருங்கறது அவனுக்கு அவ்வளவு சாதாரணம். நான் பாருங்க...

இருங்க. சித்த இருங்க.

இல்லீங்க, தண்ணி வேண்டாம்.

அவ என்ன சொல்றா பாருங்க, அண்ணன் மகனைக் கூப்புடட்டுமாங்கறா. அவன் பக்கத்து ஊடுதான். மாத்திக் கட்டிக்கறேன்னு நேத்தே சொன்னானாமா. பூசாரியும் செரிம்பான். ஒரு நொடி வேலைதானுங்க, கயிறுதானே. உங்க காரும் வாசல்ல நிக்குது. பெட்டியும் உள்ள அப்படியேதான் இருக்குது, போன மாசங்கூட வால்வைத் தொடைச்சு வெச்சேன்.

வேண்டாம் பூவாத்தா. கூப்புடாத.

அம்மிணி, நீங்க படிச்சவங்க, உங்களுக்குப் புரியும். நாப்பத்தேழு வருசமா நான் என்ன சொல்லிட்டு இருக்கறேன்? சாமி காரியம், நான் என்ன பண்ணட்டும், அவுக்கக் கூடாததுன்னு. ஊருக்கும் அதான் சொன்னேன், எனக்கும் அதான் சொல்லிக்கிட்டேன். கிருபாகரன் எழவுக்குப் போனப்ப, அவன் மூஞ்சியப் பாத்து அதத்தான் சொன்னேன். இன்னைக்கு இத அவுத்துட்டு உங்க கார்ல ஏறிட்டேன்னு வெய்யுங்க. அப்ப அன்னைக்கும் அவுத்திருக்கலாம்னு ஆயிரும்லங்க. பெட்டியக் குடுத்தா, அன்னைக்கே குடுத்திருக்கலாம்னு ஆயிரும்லங்க. அப்பறம் நான் எங்க போயி நிக்கறதுங்க?

நீங்க கெளம்புங்க. இருட்டறதுக்குள்ள பாலக்காட்டு ரோட்டைத் தாண்டிருங்க, லாரி எச்சா வரும். டெரிக்குகிட்ட நோம்பின்னே சொல்லிருங்க. கைல காப்பைக் கண்ணால பாத்தேன்னு சொல்லுங்க. அவன் நம்பிக்குவான். அன்னைக்கும் அவன் நம்பத்தானுங்க செஞ்சான்.